ஒன்றும் செய்யாத பதினைந்து பேர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பீரியடு மணி அடித்த கையோடு, எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தார். எம்.பி.எட்., அதாவது உடற்கல்வி முதுகலை, இரண்டாம் ஆண்டு மாணவி. கையில் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம், பையில் அளவு நாடா, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். வெயிலில் வந்த களைப்பு தீர ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "சார், ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பையன்கள் 30 பேர் வேண்டும். 15 பேருக்கு நான் பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுப்பேன். மீதி 15 பேர் ஒன்றும் செய்யக் கூடாது."

"ஒன்றும் செய்யக் கூடாது என்றால் என்னம்மா?"

"வழக்கமாகச் செய்வதைச் செய்யலாம் சார். புதிதாக ஒன்றும் கூடாது. பயிற்சி பெற்றவர்களோடு ஒப்பிடத்தான் அவர்கள். கட்டுப்பாட்டுக் குழு."

அந்தக் கடிதத்தை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்க நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். தலைமையாசிரியர் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள். எனக்குத்தான் நேரம் தேவைப்பட்டது. 'ஒன்றும் செய்யக் கூடாது' என்ற அதே சொற்களை, ஏறக்குறைய அதே தொனியில், 2010-ஆம் ஆண்டு நான் பதினாறு பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவன் என் பேச்சைக் கேட்கவில்லை. பெயர் நினைவிருந்தாலும் இங்கே எழுத மாட்டேன். என் பேரேட்டில் அவன் எண் 37. அவனை நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

உடற்கல்வி ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அச்சு தெரியும். கபடி வீரர்களிடம், அல்லது கல்லூரி மாணவர்களிடம், அல்லது பள்ளிச் சிறுமிகளிடம், இன்ன பயிற்சி இன்ன உடல்திறன் கூறுகளில் ஏற்படுத்தும் விளைவு. குழுவுக்கு 15 பேர். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முன்தேர்வு, பின்தேர்வு. முன்தேர்வு வேறுபாட்டைக் கழித்துவிட்டுக் குழுக்களை ஒப்பிடும் உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு, அதன்பின் எந்த இரண்டு குழுக்களுக்கு இடையே வித்தியாசம் என்று பார்க்கும் ஷெஃபே சோதனை. முக்கியத்துவ மட்டம் 0.05, அதாவது தற்செயலாக இப்படி வர நூற்றில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்பே இருந்தால்தான் வித்தியாசம் தேறியதாகக் கணக்கு. முடிவுரையில், பயிற்சி பெற்ற குழு கட்டுப்பாட்டுக் குழுவைவிட மேம்பட்டது. மேம்படவில்லை என்று முடிகிற ஆய்வேட்டை நான் பார்த்ததே இல்லை. பயிற்சி செய்தவன் செய்யாதவனைவிட நன்றாகத் தாண்டுவான் என்று கண்டுபிடிக்க ஓர் ஆண்டும், தட்டச்சுக்கும் பைண்டிங்குக்கும் கைக்காசும் எதற்கு என்று ஊரில் என் மாமா கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

என்னுடையது எம்.பில். ஆய்வு. (அந்தப் படிப்பையே 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி நிறுத்திவிட்டது, என்னைப் போன்றவர்களின் பெயருக்குப் பின்னால் மட்டும் அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.) மூன்று குழுக்கள். 1 முதல் 16 வரை பிளையோமெட்ரிக் பயிற்சி. பெட்டியிலிருந்து குதித்து, தரை தொட்ட கணமே மறுபடி எம்பும் பயிற்சி. 17 முதல் 32 வரை எடைப் பயிற்சி. 33 முதல் 48 வரை ஒன்றும் செய்யாதவர்கள். எல்லோரும் அதே வளாகத்தில் படித்த இளங்கலை மாணவர்கள், பாதிக்கு மேல் ஹாஸ்டல்வாசிகள். ஆய்வேட்டின் அட்டையைத் திறந்தால் மொத்தம் 45 பேர் என்று இருக்கும். 48 எப்படி 45 ஆனது என்பதுதான் கதை.

சுண்ணாம்புக் கை

எழும்பித் தாண்டும் திறனை அளக்க எங்களிடம் இருந்தது சார்ஜென்ட் சோதனை. ஹார்வர்டில் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்திய டட்லி சார்ஜென்ட் 1921-இல் எழுதி வைத்தது. நூறாண்டு தாண்டியும் சாகாமல் இருப்பதற்குக் காரணம், அதற்குச் சுவரும் சுண்ணாம்புத் தூளும் போதும். விரல் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டு சுவரை ஒட்டி நின்று கையை உயர்த்தி ஒரு தடம் வைக்க வேண்டும். பிறகு எம்பிக் குதித்து, உச்சியில் ஒரு தடம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் மதிப்பெண்.

இத்தனை எளிய சோதனையில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்பது அளந்தவனுக்குத்தான் தெரியும். முதல் தடம் வைக்கும்போது தோளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டால் கை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கும்; குதிக்காமலேயே அத்தனையும் லாபம். இதை எந்தப் பையனுக்கும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வரிசையில் நிற்கிற மூன்றாவது ஆள் கண்டுபிடித்துவிடுவான். பத்தாவது ஆளுக்குள் அது வழக்கமாகிவிடும். கையை வீசிக் குதிப்பவனுக்கும் வீசாமல் குதிப்பவனுக்கும் வேறுபாடு உண்டு. உச்சிக்குப் போன கணத்தில் சுவரைத் தட்டத் தெரிந்தவனுக்கும், இறங்கும்போது தட்டுகிறவனுக்கும் வேறுபாடு உண்டு. அதாவது நாங்கள் காலின் வலிமையை அளப்பதாக எழுதிவைத்த எண்ணில் பாதி, சுவரில் தட்டும் பழக்கம். இதற்காகவே தேர்வுக்கு முன் சில நாள் பழக்கிவிட வேண்டும் என்பார்கள். எனக்கு நேரம் இல்லை. ஒரு நாள் மாலை எல்லோரையும் இரண்டு தடவை குதிக்கவிட்டு, பழக்கியாயிற்று என்று எழுதிக்கொண்டேன்.

50 மீட்டர் ஓட்டம் இன்னும் மோசம். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் ஓட்டக்காரனுக்கு எப்போதும் சலுகை தரும். துப்பாக்கிப் புகையைப் பார்த்த பிறகுதான் விரல் அழுத்தும், முடிவுக் கோட்டிலோ மனம் முந்திக்கொள்ளும். நூறு மீட்டரில் கைக்கணக்கை மின்கணக்கோடு ஒப்பிட வேண்டுமானால் 0.24 வினாடி கூட்டிக்கொள்வது தடகளத்தில் வழக்கம். என் ஆய்வில் எடைப் பயிற்சிக் குழு ஓட்டத்தில் முன்னேறியதாக நான் நிறுவியது அந்த 0.24-ஐவிடக் குறைவு. என் கட்டைவிரலின் முன்னேற்றமாகக்கூட அது இருக்கலாம்.

டிசம்பர் முதல் வாரம் முன்தேர்வு. பன்னிரண்டு வாரம் என்று ஆய்வேட்டில் இருக்கிறது. நடுவில் பொங்கல் வந்தது. பையன்கள் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய், கரும்பு தின்று, மாட்டுப் பொங்கலுக்கு ஓடி, அடுத்த வாரம் புதன்கிழமை திரும்பி வந்தார்கள். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் 'குறைபாடுகள்' என்று ஒரு பகுதி உண்டு. உணவு, உறக்கம், தட்பவெப்பம், அன்றாட வேலைகள் ஆகியவற்றை ஆய்வாளரால் கட்டுப்படுத்த இயலவில்லை என்று எல்லோரும் எழுதுவார்கள். நானும் எழுதினேன். மனித வாழ்க்கை முழுவதையும் ஒரு வாக்கியத்தில் அடக்கி ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டுப்படுத்திய நிம்மதி அதில் இருந்தது.

37

மார்ச் முதல் வாரம் சனிக்கிழமை காலை பின்தேர்வு. பிளையோமெட்ரிக் குழு நான் எதிர்பார்த்தபடி நன்றாகவே எம்பியது. (எம்புவதையே பன்னிரண்டு வாரம் பழகியவர்களுக்கு எம்பும் தேர்வு வைத்தால் வேறு என்ன ஆகும் என்று அன்று தோன்றவில்லை.) எடைக் குழு கொஞ்சம் குறைவு. பிறகு ஒன்றும் செய்யாதவர்களின் முறை. 33, 34, 35, 36. ஒரு சென்டிமீட்டர் கூட, ஒரு சென்டிமீட்டர் குறைய. 37 வந்தான். ஒல்லியான பையன், வரலாறு முதலாண்டு, எந்தக் கல்லூரி அணியிலும் இல்லாதவன். டிசம்பரில் 46 சென்டிமீட்டர். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு முறை முழங்காலை மடக்கி, கையைப் பின்னால் கொண்டுபோய், எழும்பினான். 53.

தோளை உள்ளே இழுத்திருப்பான் என்று நினைத்தேன். முதல் தடத்தை அழித்துவிட்டு, நானே அவன் முழங்கையைப் பிடித்து மேலே நீட்டி, குதிகால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, மறுபடி வைத்தேன். 53. மூன்றாவது முறை 54. உடனிருந்து எழுதிக்கொண்டிருந்த நண்பன் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீ எங்காவது பயிற்சிக்குப் போனாயா?"

"இல்லை சார்."

மைதானத்தில் எல்லோருக்கும் நான் 'சார்'. அன்று இரவு ஹாஸ்டலில், சாப்பாட்டுத் தட்டைக் கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றபோது 'அண்ணா' ஆகிவிட்டேன். "அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்று காட்டுகிறேன்" என்று குளியலறைகளுக்குப் பின்னால் அழைத்துப் போனான். அங்கே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வெள்ளையடித்த சுவர். மேலே எரிந்த ஒற்றை பல்பு வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கோடுகள் தெரிந்தன. கரித்துண்டால் போட்ட சின்னச் சின்னக் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. இடப்பக்கம் கீழே ஒரு நீளக் கோடு, அவன் கை எட்டும் உயரம். அதற்கு மேல் டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஏறி ஏறிப் போன தடங்கள். சில நாள் இல்லை. பொங்கல் விடுமுறைக்குப் பின் வந்த முதல் கோடு, அதற்கு முந்தையதைவிட இரண்டு விரல் அளவு கீழே இருந்தது. அங்கிருந்து மறுபடி ஏறியது. பிப்ரவரியில் ஒரு வாரம் ஏறாமல் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. அப்போது காய்ச்சல் என்றான்.

"எதற்காகச் செய்தாய்?"

"நீங்கள் அளந்தீர்களே அண்ணா. அதற்கு முன்னால் எனக்கு எவ்வளவு என்று தெரியாது. 46 என்று எழுதினீர்கள். பக்கத்தில் இருந்தவன் 51. அதனால் பார்த்தேன்."

பயிற்சி எதையும் அவன் திருடவில்லை. எடை தூக்கவில்லை, பெட்டியிலிருந்து குதிக்கவில்லை. இரவு சாப்பாட்டுக்கு முன் ஐந்தாறு முறை குதித்து, உச்சத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறான். அவ்வளவுதான். அது காலில் ஏறிய வலிமையா, சுவரைத் தட்டும் நேரம் கைவந்ததா, இரண்டும் கலந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. சொல்வதற்கு வேண்டிய சான்று அந்தச் சுவரில் இருந்தது. மூன்று மாதத்தில் ஒவ்வொரு பையனையும் நான் அளந்தது இரண்டே நாள். அவன் தன்னை அளந்துகொண்டது அறுபது நாளுக்கு மேல், விடுமுறையும் காய்ச்சலும் தெரிகிற மாதிரி, தேதியிட்டு. ஓர் ஆய்வாளன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அறைக்குப் போய் நாடாவும் நோட்டும் எடுத்து வந்து கோடுகளை அளந்து எழுதிக்கொள்வது. நான் "சரி, போய்ப் படு" என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பி, என் அட்டவணை கெட்டுப்போனதை நினைத்துப் படுத்துக்கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டேன். ஏழு சென்டிமீட்டர் ஏறிய ஒருவன் பதினாறு பேர் கொண்ட குழுவின் சராசரியை 0.44 சென்டிமீட்டர் உயர்த்துவான். கேட்க அற்பமாக இருக்கிறது. பிளையோமெட்ரிக் குழுவுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. எடைக் குழுவுக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் ஷெஃபே கோட்டுக்கு மயிரிழை கீழே இறங்கிவிட்டது. அவன் இல்லாவிட்டால் மயிரிழை மேலே.

திங்கட்கிழமை என் வழிகாட்டியிடம் போனேன். அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவரிடம் அந்த ஆண்டு எட்டுப் பேர், எல்லோருக்கும் ஒரே மாதத்தில் கெடு. தாளைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அவன் கட்டுப்பாட்டுக் குழுவின் நிபந்தனையை மீறிவிட்டான். எடுத்துவிடு. குழுக்கள் சமமாக இருக்கட்டும், மற்ற இரண்டிலும் ஒவ்வொருவரை எடுத்துவிடு." முதல் வாக்கியத்தில் நியாயம் இருக்கிறது என்றே இன்றும் நினைக்கிறேன். நிபந்தனை மீறியவர்களை விலக்கலாம். விலக்கினோம் என்று எழுத வேண்டும், அவ்வளவே.

நான் எழுதவில்லை. அதைவிட மோசமானது இரண்டாவது வாக்கியத்துக்கு நான் செய்தது. மற்ற இரண்டு குழுக்களில் யாரை எடுப்பது என்று அவர் சொல்லவில்லை. சீட்டுக் குலுக்கியிருக்கலாம். இரவு பதினொரு மணிக்குக் கணினி மையத்தில் உட்கார்ந்து, எடைக் குழுவில் மிகக் குறைவாக ஏறிய பையனின் வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். பிளையோமெட்ரிக் குழுவிலும் அப்படியே. யோசித்துச் செய்த நினைவு இல்லை. கீரை ஆய்கிறவள் பழுத்த இலையைக் கிள்ளிப் போடுவதுபோல விரல் தானாகப் போயிற்று. 48, 45 ஆனது. குழுக்களும் ஆட்களும் எத்தனை என்பதிலிருந்து வரும் தன்விடுபாட்டு எண் 2, 41. தேறுவதற்குத் தாண்ட வேண்டிய அட்டவணை மதிப்பு 3.23. எல்லாம் தேறிவிட்டன. வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று ஷெஃபே பற்றி, இன்னொன்று நூற்பட்டியலில் காற்புள்ளி பற்றி. பிறகு மிக்சரும் காபியும் வந்தன.

மே மாதம் ஹாஸ்டலுக்கு வெள்ளையடித்தார்கள்.

ஏழு பேர், நான்கு நிமிடம்

பிறகு பள்ளி வேலைக்கு வந்த புதிதில், பயிற்சி முகாம்களில் உலகம் முழுக்கப் பேசப்படுகிற ஆய்வுகளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரு தாழ்வு மனப்பான்மை இருந்தது. அவர்களெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்கள், நாம்தான் இப்படி என்று. மெல்ல மெல்லத் தேடிப் படித்தபோது அது வேறு மாதிரி ஆயிற்று. தபாட்டா என்ற பெயரை இன்று உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற எல்லோரும் சொல்கிறார்கள். 20 வினாடி உயிரைக் கொடுத்து உழைப்பு, 10 வினாடி ஓய்வு, மொத்தம் நான்கே நிமிடம். ஜப்பானில் இசுமி தபாட்டா குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு அது. பயிற்சி முறை அவருடையதுகூட அல்ல; பனிச்சறுக்கு வேக ஓட்ட அணியின் பயிற்சியாளர் பயன்படுத்தியது. சோதித்தது யார்மீது தெரியுமா? உடற்கல்வி படித்த இளைஞர்கள்மீது, குழுவுக்கு ஏழு பேர், ஆறு வாரம். ஒரு குழு சைக்கிளில் நிதானமாக ஒரு மணி நேரம். இன்னொன்று இந்த நான்கு நிமிட வதை. ஆக்சிஜன் உள்வாங்கும் உச்ச அளவு (ஒரு கிலோ உடல் எடைக்கு, நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கு) முதல் குழுவில் 53-இலிருந்து 58-க்கும், இரண்டாவதில் 48-இலிருந்து 55-க்கும் போயிற்று. அந்த 48-ஐக் கவனியுங்கள். அவர்கள் கீழேயிருந்து தொடங்கியவர்கள். என் 37-ஐப் போல. கீழே நிற்பவனுக்கு ஏற இடம் அதிகம். அந்த ஆய்வில் 'ஒன்றும் செய்யாத' குழு கிடையாது. மூன்றாவது ஒன்று வைத்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு.

அந்த ஆய்வைக் குறை சொல்ல வரவில்லை. அதன் காற்றில்லா ஆற்றல், அதாவது ஆக்சிஜன் இல்லாமலே தசை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் பற்றிய பகுதி அருமையானது. நான் சொல்வது, உலகமே நம்பும் நான்கு நிமிடத்துக்குப் பின்னால் இருப்பது எங்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களைப் போன்ற ஒரு கைப்பிடி மாணவர்கள். உடற்பயிற்சி அறிவியல் பெரும்பாலும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. மாணவன் ஆய்வாளன், பக்கத்து பெஞ்சுக்காரன் ஆய்வுப் பொருள். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய ரோஜர் பானிஸ்டர், அந்த ஓட்டத்துக்கு முன்பே ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவ மாணவராக, ஆக்சிஜன் கூட்டிய காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஓடினால் என்ன ஆகிறது என்று ஓடுபொறியில் சோதித்துக்கொண்டிருந்தார். தானே ஓடினார், நண்பர்களையும் இற்று விழும்வரை ஓடவிட்டார். கட்டுரை 1954-இல் வந்தது, அதே ஆண்டு மே மாதம் அவர் 3 நிமிடம் 59.4 வினாடியில் மைலை முடித்தார். அவர் ஆய்வில் ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு. ஒரே ஆள் சாதாரணக் காற்றிலும் ஓடினான், கூட்டிய காற்றிலும் ஓடினான். 'நீ சும்மா இரு' என்று யாரையும் மூலையில் உட்கார வைக்கவில்லை.

அளக்கப்படுவதே ஒரு பயிற்சி என்பது எனக்குப் புதிதாகத் தோன்றிய ஞானம் ஒன்றும் இல்லை. சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-இல் தொடங்கிய சோதனைகளை மேலாண்மைப் பாடப்புத்தகங்கள் எல்லாம் சொல்லும்; விளக்கைக் கூட்டினாலும் வேலை கூடியது, குறைத்தாலும் கூடியது. அந்தத் தரவு அவ்வளவு சுத்தமில்லை என்று பின்னால் வந்தவர்கள் அதையும் கிழித்துப் போட்டார்கள், அது வேறு கதை. எனக்குப் பிடித்தது 1972-இல் ஏரியல், சாவில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது. அமெரிக்காவில், ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரை என்று சொல்லி வெறும் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்ற வாரங்களில் அவர்கள் தூக்கிய எடை முன்னைவிட வேகமாக ஏறியது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள்தான். ஆனாலும் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். நான் 37-க்குக் கொடுத்தது 46 என்ற எண் மட்டும்.

என் மனத்தில் ஆறாமல் கிடப்பது நேர்மைக் குறைவு மட்டும் என்றால், இந்நேரம் ஆறியிருக்கும். எட்டுக் கூறுகளை அளந்து ஒவ்வொன்றையும் 0.05-இல் சோதித்தால், ஒன்றுமே நடக்காதபோதும் ஏதாவது ஒன்று தேறிவிடுவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. நடுத்தர அளவு வித்தியாசம் ஒன்றை ஐந்துக்கு நான்கு தடவை பிடிக்க வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர் வேண்டும், 15 போதாது. ஆகவே அந்த மூன்று வரிகளை அழிக்காமல் இருந்தாலும் என் ஆய்வேடு பெரிதாக ஒன்றையும் நிறுவியிருக்காது. பைண்டு செய்த ஐந்து பிரதிகளில் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் பல்லி முட்டைக்கு இடம் கொடுத்திருக்கிறது. என்னை அரிப்பது வேறு. ஒரு பையன் தன்னைப் பற்றி ஓர் எண்ணைக் கேள்விப்பட்டு, பயிற்சியாளர் இல்லாமல், மைதானம் இல்லாமல், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தன்னை ஏழு சென்டிமீட்டர் உயர்த்திக்கொண்டான். உடற்கல்வி என்ற துறை இருப்பதே இதற்காகத்தான். அது என் கண்முன் நடந்தது. நான் அதைப் பிழை என்று வகைப்படுத்தினேன்.

திரும்பி வந்த ஸ்கூட்டி

சொன்னபடி அடுத்த செவ்வாய் அந்தப் பெண் வந்தார். மேலே எழுதியது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன் என்றால் பொய். சுவர் பற்றிச் சொன்னேன். வரிகளை அழித்தது பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவர் படித்தாலும் படிக்கட்டும். அவர் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் கட்டுப்பாட்டுக் குழுவே வேண்டாம் என்கிறீர்களா சார்?" என்றார். அதுவும் தப்பு. ஒன்பதாம் வகுப்புப் பையன் பன்னிரண்டு வாரத்தில் சும்மாவே வளர்வான். ஒரு பருவத்தில் மூன்று சென்டிமீட்டர் உயர்ந்து காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கும். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் அந்த வளர்ச்சி முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுவோம். குழு வேண்டும். அதில் இருக்கிறவர்களை மரக்கட்டை என்று நினைப்பதுதான் வேண்டாம்.

அரை மணி நேரம் பேசினோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் எழுத்தில் இசைவு வாங்க வேண்டும், பெற்றோரின் ஒப்புதல் தனி. அந்தத் தாளைத் தமிழில் எழுதி வாருங்கள் என்றேன். அவர் கொண்டுவந்திருந்தது ஆங்கிலத்தில் இருந்தது, அதில் கையெழுத்துப் போடப்போகும் அப்பாக்களில் பலர் நடவுக்குப் போகிறவர்கள். இரண்டாவது, சும்மா இருக்கும் 15 பேருக்கும் பின்தேர்வு முடிந்தவுடன் அதே பன்னிரண்டு வாரப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும். அவர் முகம் சுருங்கியது. அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் வந்துவிடும். நான் கொடுக்கிறேன், நீங்கள் அட்டவணையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். மூன்றாவதாக நான் கேட்டது அவருக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டிருக்கும். முப்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. பள்ளி விட்டபின் என்ன செய்தேன் என்று தினமும் இரண்டு வரி. திருத்தக் கூடாது, திட்டக் கூடாது.

"இதை எந்த அட்டவணையில் போடுவது சார்?"

"தெரியாதம்மா. போட முடியாவிட்டாலும் வைத்திருங்கள்."

நோட்டுக்கான காசு என்னுடையது. முன்தேர்வு போன வியாழக்கிழமை முடிந்தது. எங்கள் சத்துணவுக் கூடத்தின் பக்கச் சுவரில் சுண்ணாம்புத் தடங்கள் இன்னும் இருக்கின்றன. அழிக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது ஆள் தோளை உள்ளே இழுத்தான். அந்தப் பெண் கவனித்துவிட்டார், நான் வாயைத் திறக்கவே தேவையில்லாமல் போயிற்று.

நேற்று முதல் வார நோட்டுகள் வந்தன. மாலை டீயோடு உட்கார்ந்து புரட்டினேன். பாதிப் பேர் 'வீட்டுப்பாடம் செய்தேன்' என்று ஏழு நாளும் எழுதியிருந்தார்கள், அதை நம்ப நான் பிறந்த ஊர் வேறு. ஒருவன் செல்போன் என்று எழுதி அடித்துவிட்டிருந்தான். ஒன்றும் செய்யக் கூடாத குழுவில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டில், பென்சிலால், கோடு தாண்டிய எழுத்தில் இப்படி இருந்தது: 'ஐந்து மணி. ஆடு ஓட்டிப் போனேன். கருப்பு ஆடு அந்தப் பக்கம் போய்விட்டது. வாய்க்கால் தாண்டினேன். மறுபடி தாண்டினேன்.' எத்தனை முறை, வாய்க்கால் எவ்வளவு அகலம் என்று எழுதவில்லை. திங்கட்கிழமை நாடாவை எடுத்துக்கொண்டு அவனோடு போய்ப் பார்க்க வேண்டும்.